தி மால்டீஸ் ஃபால்கன் (1941): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தைப் பத்துப் பதினைந்து பேருக்காவது நானே பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டியிருப்பேன். படம் முடிந்ததும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பாதிப் பேர் யார் யாரைக் கொன்றது என்பதில் சிக்கி நிற்பார்கள், மீதிப் பேருக்குக் கடைசிப் பத்து நிமிடத்தின் மேல் கோபம் வரும். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். முதல் மூன்றும் படம் பார்க்காதவர்களுக்கு. நான்காவதிலிருந்து எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. என்ன படம் இது? கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.

1941 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட படம். ஜான் ஹூஸ்டன் இயக்கிய முதல் படம் இது, அதுவரை அவர் அதே ஸ்டுடியோவில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். டாஷியல் ஹாமெட்டின் நாவல்தான் மூலம். முதலில் பிளாக் மாஸ்க் என்ற மலிவு விலை இதழில் தொடராக வந்து, 1930இல் புத்தகமானது. ஹாமெட் எழுத வருவதற்கு முன் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆளைப் பின்தொடர்வது, கூலி பேசுவது, போலீஸிடம் எதைச் சொல்வது எதை மறைப்பது என்று இந்தக் கதையில் வருவதெல்லாம் அந்த வேலையைச் செய்தவன் எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஸ்பேடும் ஆர்ச்சரும் கூட்டாக ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார்கள். ஒரு பெண் வந்து, தன் தங்கை ஒருவனோடு ஓடிவந்துவிட்டாள், அவனைப் பின்தொடர வேண்டும் என்கிறாள். ஆர்ச்சர் போகிறான். அன்று இரவே சுட்டுக் கொல்லப்படுகிறான், பின்தொடரப்பட்டவனும் அதே இரவில் சாகிறான். ஆர்ச்சரின் மனைவியோடு ஸ்பேடுக்குத் தொடர்பு உண்டு என்பதால் போலீஸின் கண் ஸ்பேட் மேலேயே விழுகிறது. அப்புறம் ஒவ்வொருவராக வருகிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான், ஒரு கறுப்புப் பறவைச் சிலை.

2. நுவார் நுவார்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

பிரெஞ்சில் நுவார் என்றால் கறுப்பு. ஜெர்மனி பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அமெரிக்கப் படங்கள் அங்கே வரவில்லை. போர் முடிந்து 1946இல் அதுவரை தேங்கியிருந்த படங்கள் பாரிஸ் தியேட்டர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, அதில் இதுவும் ஒன்று. மொத்தமாகப் பார்த்தவர்களுக்கு அமெரிக்கப் படங்களின் மனநிலையே மாறிவிட்டது போலத் தெரிந்தது. கதைகளில் நம்பிக்கை குறைந்திருந்தது, நாயகர்கள் சுத்தமானவர்களாக இல்லை, இரவும் நிழலும் அதிகம். நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையில் இவற்றை ஃபிலிம் நுவார் என்று குறிப்பிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆக, இந்தப் படத்தை எடுத்த யாருக்கும் தாங்கள் நுவார் எடுப்பதாகத் தெரியாது. ஒரு துப்பறியும் கதையை எடுத்தார்கள், அவ்வளவுதான். இது நுவாரே இல்லை என்று வாதாடுபவர்களும் உண்டு, அதற்கு 13வது கேள்வியில் வருகிறேன்.

3. பழைய கறுப்பு வெள்ளைப் படம் எனக்குப் போர் அடிக்கும். கலர்ல ஒண்ணு இருக்காமே, அதைப் பார்க்கலாமா?

வேண்டாம். 1980களில் பழைய படங்களுக்குக் கம்ப்யூட்டர் மூலம் வண்ணம் பூசும் வழக்கம் வந்தபோது இதற்கும் பூசினார்கள். ஹூஸ்டன் அப்போது உயிரோடு இருந்தார், உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும் அதை வெளிப்படையாக எதிர்த்தார். படத்தில் ஒரு ஷாட் உண்டு: அலுவலக ஜன்னல் கண்ணாடியில் எழுதியிருக்கும் இருவர் பெயரும், வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் தரையில் நிழலாக விழும். ஆர்ச்சர் சாகப்போவது நமக்கு அப்போது தெரியாது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் இருப்பதால்தான் கண் அந்த எழுத்துகளுக்குப் போகிறது, அதன்மேல் பழுப்பும் நீலமும் பூசினால் அது வெறும் தரை.

போர் அடிக்குமா என்றால், நூறு நிமிடம்தான் படம், பேச்சு வேகமாக ஓடும். சப்டைட்டில் போட்டுக்கொண்டு பாருங்கள். கைபேசியை எடுத்தால் ஒரு பொய்யைத் தவறவிட்டுவிடுவீர்கள், அப்புறம் நான்காவது கேள்வியைத்தான் கேட்பீர்கள்.

4. ஒரு தடவை பார்த்தேன், தலை சுத்திடுச்சு. யார் யாரைத்தான் கொன்னாங்க?

மூன்று கொலை. ஆர்ச்சரைக் கொன்றது பிரிஜிட், முதல் காட்சியில் தங்கை கதை சொல்லிக்கொண்டு வந்த அதே பெண். தர்ஸ்பியை, அதாவது பின்தொடரப்பட்டவனை, கொன்றது வில்மர் என்ற இளைஞன். கப்பல் கேப்டன் ஜேகபியைச் சுட்டதும் வில்மர்தான். குண்டு பட்ட உடம்போடு பொட்டலத்தைக் கொண்டுவந்து ஸ்பேடின் அலுவலகத்தில் விழுந்து சாகிறாரே, அவர்தான் ஜேகபி. (அந்தச் சில நொடிகள் வருவது இயக்குநரின் அப்பா வால்டர் ஹூஸ்டன், பெயர்ப் பட்டியலில் இல்லை.)

பின்கதை இது. வில்மரின் முதலாளி கட்மன் என்ற பெரிய மனிதர், 17 வருடமாக இந்தப் பறவையைத் தேடுகிறார். இஸ்தான்புல்லில் ஒரு ரஷ்யரிடம் அது இருப்பது தெரிந்து, எடுத்து வரப் பிரிஜிட்டையும் கெய்ரோ என்ற இன்னொரு ஆளையும் அனுப்புகிறார். பிரிஜிட் தர்ஸ்பியைச் சேர்த்துக்கொண்டு பறவையைத் தானே அமுக்கப் பார்க்கிறாள். ஹாங்காங்கில் அதை ஜேகபியிடம் கொடுத்துக் கப்பலில் அனுப்பிவிட்டு இங்கே வருகிறாள். இப்போது தர்ஸ்பியைக் கழற்றிவிட வேண்டும். அதற்குத்தான் துப்பறிபவன். ஆர்ச்சர் பின்னால் வருவதைக் கண்டு தர்ஸ்பி ஓடுவான் என்று எதிர்பார்த்தாள், ஓடவில்லை. அப்போது தர்ஸ்பியின் துப்பாக்கியாலேயே ஆர்ச்சரைச் சுட்டு, பழியை அவன் மேல் போட்டாள்.

5. அந்தப் பறவை நிஜமாவே இருந்துச்சா? படத்தோட ஆரம்பத்துல வரலாறு போடுறாங்களே?

ஒரு துளி வரலாறு, மீதி ஹாமெட்டின் கற்பனை. 1530இல் ஐந்தாம் சார்லஸ் மன்னர் மால்டா தீவைப் புனித யோவான் வீரர் அமைப்புக்குக் கொடுத்தபோது, அதற்கு ஈடாக வருடம் ஒரு வல்லூறு தர வேண்டும் என்று ஏற்பாடு. உயிருள்ள வேட்டைப் பறவை. அதைத் தங்கத்தில் செய்து, அலகு முதல் நகம் வரை மணிகள் பதித்து, கடற்கொள்ளையரிடம் பறிகொடுத்ததெல்லாம் நாவலுக்காகப் பிறந்தது.

இன்னொன்று, படத்தின் தொடக்க எழுத்து சிலையை டெம்ப்ளர் என்ற வேறொரு கிறிஸ்தவ வீரர் அமைப்பு அனுப்பியதாகச் சொல்கிறது, அது தவறு. டெம்ப்ளர் அமைப்பு 1312லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

6. இதே கதையை முன்னாடியே ரெண்டு தடவை எடுத்திருக்காங்களாமே? மூணாவது மட்டும் எப்படி நின்னுச்சு?

ஆமாம், இரண்டும் அதே வார்னர் எடுத்ததுதான். 1931இல் இதே பெயரில் ரிக்கார்டோ கோர்டெஸ் நடித்தது. 1936இல் பெயரை மாற்றி, பறவையையும் ஒரு பழங்காலக் கொம்பாக மாற்றி, பாதி நகைச்சுவையாக எடுத்தது, அதில் பெட்டி டேவிஸ் நடித்தார். முதலாவது மோசமில்லை, ஆனால் அதில் ஸ்பேட் எந்நேரமும் இளித்துக்கொண்டிருக்கும் பெண் பித்தன், ஆபத்து அவனைத் தொடவே தொடாது என்று தோன்றும்.

ஹூஸ்டன் செய்தது எளிய காரியம், ஆனால் அதற்கு முன் யாரும் செய்யாதது. நாவலை நம்பினார். ஹாமெட்டின் வசனங்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார். நாவல் யாருடைய மனசுக்குள்ளும் போகாது, கை என்ன செய்தது, முகம் எப்படி இருந்தது, வாய் என்ன சொன்னது, அவ்வளவுதான் எழுதியிருக்கும். அது கேமராவின் வேலையேதான். அதோடு ஆர்ச்சர் சாகும் அந்தச் சில நொடிகளைத் தவிர ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் ஸ்பேட் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கும் தெரியாது. அவன் மனசில் இருப்பதும் நமக்குத் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆளைக் கட்டிப் போடுகிறது.

7. ஹீரோ பார்க்க அழகாவும் இல்ல, பெருசா சண்டையும் போடல. இவருக்கு எதுக்கு இவ்வளவு பேர்?

ஹம்ப்ரி போகார்ட் இந்தப் படத்துக்கு முதல் தேர்வே இல்லை. ஜார்ஜ் ராஃப்ட் அப்போது பெரிய நட்சத்திரம், ஏற்கெனவே எடுத்த கதை, புது இயக்குநர் என்று ஒதுக்கிவிட்டார். போகார்ட்டுக்கு அப்போது 41 வயது, பல வருடம் கடைசியில் குண்டடி பட்டுச் சாகும் ரவுடி வேடங்களிலேயே ஓடியிருந்தது. நாவலில் ஸ்பேட் வெளிர் முடியோடு உயரமான ஆள், போகார்ட் அப்படி இல்லவே இல்லை. இன்றைக்கு நாவலைப் படிக்கும்போது என் கண்ணில் நிற்பது போகார்ட்தான்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். கட்மனின் ஓட்டல் அறையில் ஸ்பேட் கத்துகிறான், கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைக்கிறான், கெடு வைத்துவிட்டுக் கதவை அறைந்துகொண்டு வெளியே வருகிறான். நடைவழியில் வந்ததும் முகத்தில் சிரிப்பு, அத்தனையும் நடிப்பு. அப்புறம் தன் கையைப் பார்க்கிறான், கை நடுங்குகிறது. இன்னொரு சிரிப்பு. கோபம் பொய், நடுக்கம் நிஜம், அது அவனுக்கே அப்போதுதான் தெரிகிறது. வசனமே இல்லாத சில நொடி. இதைச் செய்யக்கூடிய நடிகனுக்கு அழகு எதற்கு?

சண்டையைப் பொறுத்தவரை, ஸ்பேட் படம் முழுக்க ஒரு தடவைகூடச் சுடுவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து பிடுங்குவதோடு சரி.

8. எல்லாரும் ரூம்ல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க. இதுல டைரக்‌ஷன் எங்க இருக்கு?

ஆர்ச்சர் இறந்த செய்தி வரும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். இருட்டு அறை, மேசைமேல் தொலைபேசி, பின்னால் ஜன்னல் திரை காற்றில் ஆடுகிறது. மணி அடிக்கிறது, ஒரு கை வந்து எடுக்கிறது, குரல் மட்டும் கேட்கிறது. கேமரா ஸ்பேடின் முகத்துக்குப் போகவே இல்லை. கூட்டாளி செத்த செய்தியைக் கேட்கும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் அங்கே ஒரு குளோசப் வைத்திருப்பார்கள்.

ஹூஸ்டன் ஓவியம் படித்தவர், படப்பிடிப்புக்கு முன்பே ஷாட்களை வரைந்து வைத்துக்கொண்டார். ஒளிப்பதிவு ஆர்தர் எடிசன், அடுத்த வருடம் காசாபிளாங்கா எடுத்ததும் இவர்தான். கட்மன் வரும் காட்சிகளில் கேமரா தரைக்குப் பக்கத்தில் இருக்கும், அவர் வயிறு பாதித் திரையை அடைக்கும், மேலே கூரை தெரியும். அறை சுருங்கிக்கொண்டே வருவது போல ஓர் உணர்வு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கட்மனாக நடித்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு அப்போது 61 வயது, நாடக மேடையிலேயே வாழ்ந்தவருக்கு இதுதான் முதல் சினிமா. முதல் படத்திலேயே துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. சிறந்த படம், திரைக்கதை என்று மொத்தம் மூன்று பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை.

9. கெய்ரோ, வில்மர் இவங்களைப் பத்தி ஏதோ மறைச்சுப் பேசுற மாதிரியே இருக்கே?

சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அந்தக் காலத் தணிக்கை விதிகள் ஒருபால் ஈர்ப்பைத் திரையில் காட்ட விடவில்லை. அதனால் எல்லாம் ஜாடையில் நடக்கிறது. கெய்ரோவின் விசிட்டிங் கார்டில் கார்டீனியாப் பூ வாசனை, கையில் பிரம்பு, கெய்ரோவாக நடித்த பீட்டர் லாரி அதன் பிடியை வாயருகே கொண்டுபோகும் விதம்.

ஸ்பேட் வில்மரைக் குறித்து ‘கன்ஸல்’ என்று ஒரு சொல் சொல்வான். கன் என்று தொடங்குவதால் துப்பாக்கிக்காரன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், தணிக்கைக்காரர்கள் உட்பட. உண்மையில் அது ஐரோப்பிய யூதர்கள் பேசும் யித்திஷ் மொழியில் வாத்துக் குஞ்சு என்ற சொல்லிலிருந்து வந்த கொச்சை வழக்கு, பெரிய ஆண் ஒருவன் கூடவே வைத்திருக்கும் பையன் என்று பொருள். ஹாமெட் இதழில் எழுதும்போதே இந்த வேலையைச் செய்துவிட்டார், ஹூஸ்டன் அதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். இப்போது அகராதிகளிலேயே துப்பாக்கிக்காரன் என்ற பொருளும் ஏறிவிட்டது.

10. அவ பொய் சொல்றாள்னு ஸ்பேடுக்கு எப்பத் தெரியும்?

பொய் என்பது முதல் காட்சியிலேயே தெரியும், அதை அவனே சொல்கிறான். உங்கள் கதையை நாங்கள் நம்பவில்லை, உங்கள் 200 டாலரை நம்பினோம், உண்மைக்கு இவ்வளவு கூலி யாரும் கொடுக்க மாட்டார்கள் என்கிற மாதிரி. அவள் தழுதழுத்துப் பேசும்போதெல்லாம் நடிப்பைப் பாராட்டுகிறவன் போலவே பார்த்துக்கொண்டிருப்பான். பிரிஜிட்டாக வரும் மேரி ஆஸ்டர் நடித்திருப்பது ஒரு பொய்யை அல்ல, பொய் பிடிபட்டதும் அதற்கு அடியில் இன்னொரு பொய்யை எடுத்து விரிக்கும் ஒருத்தியை. மூச்சு வாங்கிக்கொண்டே பேசும் அந்தக் குரலை நம்பாமல் இருப்பது கஷ்டம்.

கொலைகாரி என்பது எப்போது தெரியும் என்பதுதான் சுவாரசியமான கேள்வி. பிணத்தைப் பார்க்கப் போன இடத்தில் போலீஸ்காரர் சொல்லிவிடுகிறார்: ஆர்ச்சரின் துப்பாக்கி இடுப்பில் அப்படியே இருந்தது, கோட்டுப் பொத்தான் போட்டபடியே இருந்தது. அனுபவமுள்ள ஒருவன், தான் பின்தொடரும் ஆளிடம் இருட்டுச் சந்தில் இப்படிப் போய் நிற்க மாட்டான். சிரித்துக் கூப்பிட்ட பெண்ணோடு போயிருப்பான். இந்தக் கணக்கை ஸ்பேட் வாய்விட்டுச் சொல்வது கடைசியில்தான், ஆனால் அதற்கான எல்லாமே அன்றிரவே அவன் காதில் விழுந்துவிட்டது. அப்படியானால் நடுவில் நடந்த காதல் முழுக்க, தெரிந்துகொண்டேவா? படம் பதில் சொல்வதில்லை. நான் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் தேடுகிறேன்.

11. ஸ்பேட் நல்லவனா, கெட்டவனா?

கூட்டாளியின் மனைவியோடு தொடர்பு வைத்தவன். அவன் செத்த மறுநாளே கதவிலும் ஜன்னலிலும் பெயரை மாற்றி எழுதச் சொல்கிறவன். வில்மரைப் பலிகொடுக்கலாம் என்று கட்மனிடம் பேரம் பேசுகிறவன். எதிலும் சுத்தம் இல்லை. ஆனால் காசைக் கவனியுங்கள். கட்மன் கொடுக்கும் 10,000 டாலரில் கடைசியில் 1,000 மட்டும் அவன் கையில் நிற்கும், அதையும் தனக்குக் கொடுத்த லஞ்சம் என்று போலீஸிடம் ஒப்படைத்துவிடுவான். தன்னைப் பற்றி ஊர் நினைக்கும் அளவுக்குத் தான் கோணலானவன் என்று நம்பிவிடாதே, அப்படிப் பெயர் இருப்பது தொழிலுக்கு நல்லது என்று பிரிஜிட்டிடம் சொல்வான். அதையாவது நம்பலாமா? நான் நம்புகிறேன். என்னோடு பார்த்தவர்களில் பலர் நம்பவில்லை.

12. காதலிச்சவளையே பிடிச்சுக் கொடுக்கிறானே, மனசாட்சியே இல்லையா?

இதுதான் எல்லோரும் கோபப்படும் இடம், படமே இதற்காகத்தான் என்பது என் எண்ணம். அவன் காரணங்களை விரல்விட்டு எண்ணுவது போல அடுக்குகிறான். கூட்டாளி கொல்லப்பட்டால் ஏதாவது செய்தாக வேண்டும், அவனைப் பிடித்திருந்ததா இல்லையா என்பது வேறு. கொலைகாரரைத் தப்பவிட்டால் தொழிலுக்கே கேடு. விட்டால் அவள் கையில் இவன் குடுமி, என்றைக்காவது இவனையும் சுடமாட்டாள் என்று என்ன நிச்சயம்? இத்தனைக்கும் எதிர்த்தட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, ஒருவேளை அவள் இவனைக் காதலிக்கலாம், இவன் அவளைக் காதலிக்கலாம்.

போகார்ட் அதைச் சொல்லும்போது கண்ணைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள். கணக்குப் போடுகிறவனின் குரல் இல்லை அது. அவளை விட்டுவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்கிறது, அதனாலேயே விடமாட்டேன் என்கிறான், அவள் அதை நம்பித்தான் இருந்தாள் என்பதற்காகவும். மனசாட்சி இல்லாதவனுக்கு இத்தனை காரணம் தேவைப்படாது.

13. இது நுவாரே இல்லன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். சரியா?

அவர் வாதத்தில் நியாயம் உண்டு. பின்னால் வந்த நுவார் படங்களில் நாயகனின் குரல் கதை சொல்லும், காலம் முன்னும் பின்னும் போகும், அவன் பெண்ணிடம் ஏமாந்து அழிவான். இதில் அதெல்லாம் இல்லை, பாதிப் படம் நல்ல வெளிச்சத்தில் நடக்கிறது, ஸ்பேட் ஏமாறவும் இல்லை. ஆனால் இரண்டாவது பதிலில் சொன்னபடி அந்தப் பெயரே இதையும் பார்த்துவிட்டு வைத்ததுதான். அழியவில்லையே தவிர, ஸ்பேட் எதை ஜெயித்தான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

14. நாவலையும் படிக்கணுமா? படத்துல எதை விட்டுட்டாங்க?

படியுங்கள். முக்கியமாக விட்டது ஒரு குட்டிக் கதை. நாவலில் ஸ்பேட் சம்பந்தமே இல்லாமல் பிரிஜிட்டிடம் ஃபிளிட்கிராஃப்ட் என்பவனைப் பற்றிச் சொல்வான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஓர் உத்தரம் அவனுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது, மயிரிழையில் தப்புகிறான், வாழ்க்கையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டவன் போலக் குடும்பத்தையும் வேலையையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். சில வருடம் கழித்து ஸ்பேட் கண்டுபிடிக்கும்போது வேறு ஊரில் அதே மாதிரி வேலை, அதே மாதிரி குடும்பம். உத்தரம் விழும் உலகத்துக்குப் பழகிக்கொண்டான், விழாமல் போனதும் அதற்கும் பழகிக்கொண்டான். பிரிஜிட் அதைச் சரியாகக் கேட்கக்கூட மாட்டாள். படத்தில் அதற்கு இடமில்லை என்பது புரிகிறது, இருந்தாலும் எனக்கு வருத்தம்தான்.

முடிவும் வேறு. நாவலில் மறுநாள் காலை அலுவலகத்தில், அவனுக்கு விசுவாசமான உதவியாளர் எஃபியே அவனைத் தொடவிடாமல் விலகுவாள்.

15. சான் பிரான்சிஸ்கோ போனா இதையெல்லாம் பார்க்கலாமா? அந்தச் சிலை எங்க இருக்கு?

படம் பெரும்பாலும் ஸ்டுடியோவில் எடுத்தது. ஆனால் ஹாமெட் அந்த ஊரில் வாழ்ந்தவர், நாவலின் தெருக்கள் நிஜமானவை. பரிட் தெருவில் ஒரு பலகை உண்டு, ஏறக்குறைய இந்த இடத்தில்தான் ஆர்ச்சரை பிரிஜிட் தீர்த்துக்கட்டினாள் என்று எழுதியிருக்கும். படம் பார்க்காதவர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள்.

படத்தில் பயன்படுத்திய ஈயச் சிலை ஒன்று 2013இல் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது.

16. கடைசில பறவை போலின்னு தெரிஞ்சிடுது. அப்போ ரெண்டாவது தடவை பார்க்க என்ன இருக்கு?

கட்மனைப் பாருங்கள். கத்தியால் சுரண்டிச் சுரண்டி, ஈயம் என்று தெரிந்ததும் முகம் சிவந்து, ஒரு நிமிடம் ஆள் உடைந்து நிற்கிறார். அப்புறம் சிரிக்கிறார். 17 வருடம் போனால் என்ன, இன்னும் ஒரு வருடம், மறுபடி இஸ்தான்புல் போவோம் என்று தொப்பியை எடுக்கிறார், கெய்ரோவும் அழுகையை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறான். நிஜப் பறவை கிடைத்திருந்தால்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் லிஃப்ட். பிரிஜிட் உள்ளே நிற்க, கம்பிக் கதவு இழுபட, அதன் நிழல் அவள் முகத்தில் விழுகிறது. ஸ்பேட் கையில் சிலையோடு படியில் இறங்கப் போகிறான். இது என்ன என்று போலீஸ்காரர் கேட்க, கனவுகள் செய்யப்படும் பொருள் என்கிறான். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்திலிருந்து வளைத்த வரி, நாவலில் கிடையாது, போகார்ட் சொன்ன யோசனை என்று ஹூஸ்டன் சொல்லியிருக்கிறார். எல்லோரும் இதைத்தான் கடைசி வசனம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஒரு குரல் உண்டு, பின்னால் நிற்கும் போலீஸ்காரர் ஒன்றும் புரியாமல் கேட்கும் ஒரு ‘ஹாங்?’